உலர் பூக்களும் வீட்டுக் கைத்தொழிலும்
(காமயகவுண்டன்பட்டி வட்டாரத்துக் குடியானவர்களுக்கு)

பூ சாகுபடி செய்வோர் யாவரும் அறிந்த கஷ்டம் ஒன்றுண்டு. நெல்லையும் சோளத்தையும் விலை வரும்வரை குதிரில் போட்டுவைக்கலாம்; பூவை அவ்விதம் வைக்க இயலாது. ஆயுத பூஜை, பொங்கல் முதலிய நாட்களுக்கு முன் சந்தையில் ஏறிய விலை, அந்நாட்கள் கழிந்ததும் சட்டென்று இறங்கிவிடுகின்றது. பறிகூலிக்கும் வண்டிக்கூலிக்கும் கட்டாதென்று பூவைச் செடியிலேயே விட்டுவிடுவதும், வரப்பில் கொட்டிவிடுவதும் நாம் காணாத காட்சியன்று. இவ்வாறு வீணாகும் பூக்களில் ஒரு பகுதியையேனும் உலர்த்தி வைத்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் வீட்டிலுள்ளோர் கைவேலைக்குப் பயன்படுத்துதல் கூடும். அதைச் செய்யும் வகையையும், அதில் வரக்கூடிய லாபத்தின் உண்மையான அளவையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது புதிதன்று

பூவை உலர்த்துதல் நமக்குப் புதிய விஷயமன்று. சித்திரையில் உதிரும் வேப்பம்பூவைச் சேர்த்து உலர்த்தி ஆண்டு முழுவதும் ரசத்திற்கு வைத்துக்கொள்ளாத வீடு அருமை. ஆவாரம்பூவை நிழலில் உலர்த்திக் குடிநீருக்கு உபயோகிக்கின்றோம். மகிழம்பூ வாடியபின்னும் மணம் மாறாதிருப்பதைப் பெண்கள் நன்கறிவர். பொங்கலன்று வீட்டுக் கூரையிற் செருகும் சிறுபீளை, காய்ந்தபின்னும் வெண்ணிறம் குன்றாமல் பல மாதம் அங்கேயே இருக்கக் காண்கின்றோம்.

பிற நாடுகளிலும் இவ்வழக்கம் பழமையானது. எகிப்து தேசத்தில் துட்டன்காமன் என்னும் அரசனுடைய கல்லறையை 1922ஆம் ஆண்டில் திறந்தபோது, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வைத்த பூமாலைகள் உலர்ந்த நிலையில் உருக்குலையாது கிடைத்தன. ஜப்பானியர் பூக்களை அழுத்தி உலர்த்திப் படமாக ஒட்டும் தொழிலை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள தாவரச் சேமிப்பு நிலையத்தில், நூறாண்டுகளுக்கு மேற்பட்ட செடிகொடிகளும் பூக்களும் காகிதத்தில் உலர்த்திப் பத்திரப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஈரமும் பூச்சியும் அணுகாவிடில் உலர்ந்த பூ நெடுங்காலம் நிலைக்கும் என்பதற்கு இவை சான்றாகும்.

இவ்வட்டாரத்தின் அனுகூலங்கள்

1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்திருப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டில் பெரியாறு அணை திறக்கப்பட்டது முதல் மலைக்கு அப்பாலிருந்து வரும் நீர் இதன் வழியே வைகைக்குச் செல்லுகின்றது. கம்பத்திற்கு அருகிலுள்ள காமயகவுண்டன்பட்டியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் திராட்சைக்குப் பேர்பெற்றவை. இப்பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

உலர் பூ வேலைக்கு இவ்வூரில் நான்கு அனுகூலங்கள் உண்டு. ஒன்று, மாவட்டத்தில் பூ விளையும் ஊர்களும் சீலையம்பட்டிப் பூச்சந்தையும் எட்டாத் தொலைவில் இல்லை. இரண்டு, திராட்சைப் பந்தல்களில் கவாத்து செய்து கழிக்கும் கொடிகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. இவற்றின் உபயோகத்தைப் பின்னர்க் கூறுவோம். மூன்று, போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்திற்கும் இலவம்பஞ்சிற்கும் பேர்போன இடமாதலால், ஏலக்காய்த் தோலும் இலவங்காய் ஓடும் எளிதில் கிட்டும். நான்கு, மாசி முதல் சித்திரை வரை நல்ல வறண்ட காற்று கிடைக்கின்றது.

வாடுதல் வேறு, உலர்தல் வேறு

பறித்த பூவில் நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு பங்கு நீரே. அந்நீர் மெள்ள மெள்ள வெளியேறும் காலத்தில், பூவினுள் இருக்கும் சில சத்துக்கள் காற்றுடன் கலந்து பழுப்பேறிவிடுகின்றன, பூஞ்சையும் பற்றிக்கொள்ளுகின்றது. இதழ் தன் பாரத்தைத் தாங்கமாட்டாமல் சுருங்கித் தொங்குகின்றது. இதுவே வாடுதல். நீரை விரைவாகவும், இதழின் உருவம் குலையாதவாறும், வெயில் படாமலும் வெளியேற்றினால் அது உலர்தல். வெயிலில் காயவைத்தால் விரைவில் காயுமே என்று சிலர் கருதக்கூடும். வெயில் நிறத்தை அழித்துவிடும் என்பதை மறத்தலாகாது. காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டாம் என்பதே இத்தொழிலின் முதல் விதி.

உலர்த்தற்கேற்ற பூக்கள்

எல்லாப் பூவும் இதற்கு ஏற்றதன்று. கீழ்க்கண்டவாறு பிரித்துக்கொள்ளுதல் நலம்.

(1) மிக எளிதில் உலர்பவை: வாடாமல்லி, கோழிக்கொண்டை, சிறுபீளை, நாணல் முதலிய புல்லின் கதிர்கள், தினைக் கதிர், கம்பங்கதிர். வாடாமல்லியின் இதழ்போல் தோன்றுவது உண்மையில் காகிதம் போன்ற செதில். அதில் நீர் குறைவு. அதன் நிறமும், கோழிக்கொண்டையின் நிறமும் உலர்ந்தபின் பெரும்பாலும் மாறுவதில்லை. தொடக்கக்காரர் இவற்றிலேயே கைபழகுதல் வேண்டும்.

(2) சிறிது கவனத்துடன் உலர்த்தத்தக்கவை: செண்டுப்பூ, செவ்வந்தி, ரோஜா. செண்டுப்பூவின் மஞ்சள் நிறம் நன்கு நிற்கும். சிவப்பு ரோஜா உலர்ந்தால் கருஞ்சிவப்பாகும். இளஞ்சிவப்பு வகை அழகாக இருக்கும்.

(3) ஏற்காதவை: மல்லிகை, முல்லை, சம்பங்கி போன்ற வெண்மையும் சதைப்பற்றும் உள்ள மலர்கள் பழுப்பேறிவிடும். மணமும் பெரும்பாலும் போய்விடும். இவற்றைப் பச்சையாகவே விற்பது உத்தமம்.

பூவேயன்றித் தாமரைக்காய், பருத்திக்காய் ஓடு, இலவங்காய் ஓடு, தென்னம்பாளை, பனையோலை ஆகியனவும் அலங்கார வேலைக்கு மிகவும் உதவும்.

பறிக்கும் முறை

காலைப் பனி முழுவதும் காய்ந்தபின், வெயில் கடுமையாகும் முன்னர்ப் பறிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் பறித்த பூ எளிதில் பூஞ்சை பிடிக்கும். ரோஜாவும் செவ்வந்தியும் முற்ற மலர்வதற்குச் சற்று முன்னும், வாடாமல்லி நன்கு திரண்ட பின்னும் பறித்தல் வேண்டும். முற்றிய பூ உலரும்போது இதழ் உதிர்த்துவிடும். பூச்சி கடித்ததையும் புள்ளி விழுந்ததையும் அப்போதே கழித்துவிடுக. உலர்ந்தபின் குறை மறையாது, பெரிதாகத் தெரியும்.

உலர்த்தும் முறைகள்

1. தொங்கவிடுதல். இது செலவில்லாத முறை. காம்பிலுள்ள இலைகளைக் களைந்து, எட்டுப் பத்துக் காம்புகளை ஒரு சிறு கட்டாகக் கட்டி, தலைகீழாகக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். காம்பு உலர்ந்து சிறுக்குமாதலால், நூலுக்குப் பதிலாக ரப்பர் வளையம் இட்டால் கட்டு நழுவாது. அறை இருட்டாகவும் காற்றோட்டமாகவும் இருத்தல் வேண்டும். புகை படும் அடுப்பங்கரை ஆகாது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் உலரும். காம்பை வளைத்தால் ஒடியுமாயின் உலர்ந்ததென்று கொள்க.

2. மணலில் புதைத்தல். ரோஜா, செவ்வந்தி போன்று உருவம் கெடக்கூடாத பூக்களுக்கு இது ஏற்றது. நயமான ஆற்று மணலைச் சலித்து, நீர் தெளியும்வரை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக்கொள்க. ஒரு தகரப் பெட்டியிலோ அகன்ற மண்சட்டியிலோ இரண்டு விரற்கடை உயரம் மணல் பரப்பி, காம்பைக் குறுக நறுக்கிய பூவை மேல்நோக்கி நிறுத்தி, இதழ்களின் இடைவெளியில் மணலைச் சிறு கரண்டியால் மெதுவாகச் சொரிந்து மூட வேண்டும். மேலிருந்து கொட்டினால் இதழ் நசுங்கும். பெட்டியை மூடாமல், மழை படாத வறண்ட இடத்தில் வைக்க வேண்டும். நீராவி மணலின் வழியே வெளியேறவேண்டுமன்றோ? பூவின் பருமனுக்கேற்ப ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். எடுக்கும்போது பெட்டியைச் சாய்த்து மணலை வடியவிட்டுப் பூவை எடுத்து, ஒட்டிய துகளை மென்மையான தூரிகையால் தட்டிவிடுக. அதே மணலை மறுபடி காயவைத்து எத்தனை முறையும் உபயோகிக்கலாம்.

3. சிலிக்கா ஜெல். இது கடைகளில் விற்கும் ஈரமுறிஞ்சும் பொடி. பூவை மணலில் புதைப்பது போலவே இதிலும் புதைக்க வேண்டும். ஆனால் இங்கே பாத்திரத்தைக் காற்றுப் புகாதவாறு இறுக மூடவேண்டும். மூடாவிடில் அது வெளிக்காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொண்டிருக்கும். மூன்று முதல் ஏழு நாட்களில் பூ உலரும். நிறமும் மற்ற முறைகளைவிட நன்றாக நிற்கும். ஈரமேறிய பொடியை நூறு முதல் நூற்றிருபது டிகிரி செண்டிகிரேடு சூட்டில் வறுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். சமையல் பாத்திரத்தில் வறுக்கலாகாது. இதன் தூளை மூச்சில் இழுக்கலாகாது. நீலநிறமான வகையில் கோபால்ட் உப்பு சேர்ந்திருப்பது வழக்கம். அது உடம்பிற்குத் தீங்கானது. ஆதலால் வெண்மை அல்லது ஆரஞ்சு நிற வகையை வாங்குதல் நன்று. இப்பொடி தன் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீரே பிடிக்கும். ஒரு கிலோ பூவுக்கு மூன்று நான்கு கிலோ பொடி வேண்டியிருக்குமாகையால், தேர்ந்தெடுத்த சில பூக்களுக்கே இது கட்டும்.

4. அழுத்தி உலர்த்துதல். மெல்லிய பூ, இதழ், சிறு இலை, பெரணி ஆகியவற்றிற்கு உரியது. பழைய செய்தித்தாளை மடித்து அதன்மேல் வெள்ளைத்தாள் விரித்து, பூக்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, மேலும் தாள் இட்டுப் பலகைக்கிடையே வைத்துக் கல்லைப் பாரமாக ஏற்ற வேண்டும். முதல் மூன்று நாள் தினந்தோறும், பின்னர் இரண்டு நாட்களுக்கொரு முறை, ஈரமான தாளை மாற்றுதல் அவசியம். தாளை மாற்றச் சோம்பினவர்க்குப் பழுப்பேறிய பூவே மிஞ்சும். பத்துப் பதினைந்து நாளில் ஆயத்தமாகும்.

5. இலைகள். தடித்த இலைக் கொத்துகளை, ஒரு பங்கு கிளிசரினும் இரண்டு பங்கு வெந்நீரும் கலந்த நீரில் காம்பு மூழ்க இரண்டு மூன்று வாரம் நிறுத்திவைத்தால், இலை பழுப்பு நிறமடைந்தாலும் நொறுங்காமல் துவண்டிருக்கும். அரச இலையைத் தண்ணீரில் மூன்று முதல் ஐந்து வாரம் ஊறவைத்து, அழுகிய சதையை மென்தூரிகையால் நீக்கினால் நரம்பு மட்டும் வலைபோல் நிற்கும். அதன்மேல் சித்திரம் எழுதலாம். ஊறும் பானையைத் துணியால் இறுகக் கட்டி மூடாவிடில் கொசு முட்டையிடும். டெங்குக் காய்ச்சலுக்கு நாமே இடங்கொடுத்தவர்களாவோம்.

பருவம் பார்த்துச் செய்தல்

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் தொங்கவிடும் முறையே போதும். ஆனி, ஆடியில் பள்ளத்தாக்கில் காற்று மிகும். சாரலும் புழுதியும் உடன் வரும். அப்பொழுது சன்னலுக்கு நேரே தொங்கவிடலாகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூவை வெறுங்காற்றில் உலர்த்த முயல்வது வீண். அழுத்தும் முறையையும் சிலிக்கா ஜெல்லையும் மட்டும் கைக்கொள்க. அம்மாதங்கள், முன்னர்ச் சேர்த்துவைத்த பூக்களைக் கொண்டு கைவேலை செய்வதற்கே உகந்தவை.

கைவேலைகள்

திராட்சைக் கொடி வளையம். கவாத்து செய்த கொடி காய்ந்துவிட்டால் ஒடியும். ஆகையால் வெட்டிய அன்றோ மறுநாளோ நான்கைந்து கொடிகளை ஒன்றாக முறுக்கி, ஒரு முழ அகலமுள்ள வளையமாகப் பின்னி, நுனியை இடையிற் செருகி, நிழலில் காயவிட வேண்டும். பற்றுக் கம்பியை அப்படியே விட்டால் அதுவும் ஓர் அலங்காரமே. நன்கு காய்ந்த வளையத்தில் ஒரு பாதியில் மட்டும் வாடாமல்லி, தினைக் கதிர், இலவங்காய் ஓடு முதலியவற்றைப் பிசினால் ஒட்டியோ மெல்லிய கம்பியால் கட்டியோ வாயிலில் தொங்கவிடலாம். வேறு ஊரார் விலைகொடுத்து வாங்கும் வளையம் நம் வயலில் எரிக்கப்படும் குப்பையிலேயே இருக்கின்றது.

பூங்கொத்து. காம்பு நொய்மையான பூக்களுக்கு, பச்சையாயிருக்கும்போதே மெல்லிய கம்பியைக் காம்பின் உள்ளே செலுத்திவிட வேண்டும்; உலர்ந்தபின் செலுத்தினால் பூ பிளந்துவிடும். மண்கலயத்தில் மணல் நிரப்பிக் கொத்தை நிறுத்தலாம்.

வாழ்த்து அட்டையும் படமும். அழுத்தி உலர்த்திய பூக்களை அட்டையில் ஒட்டுவதற்கு மிகச் சிறிதளவு பிசினே போதும்; மிகுந்தால் தாள் நெளியும். கண்ணாடிச் சட்டமிட்டு வெயில் படாத சுவரில் மாட்டுக.

மணப்பொதி. பன்னீர் ரோஜா இதழ், மரிக்கொழுந்து, மகிழம்பூ, துளசி, வெட்டிவேர்த் துண்டு, ஏலக்காய்த் தோல் ஆகியவற்றை நிழலில் உலர்த்திக் கலந்து, இரண்டு வாரம் மூடிய சாடியில் வைத்திருந்து, சிறு பருத்திப் பைகளில் கட்டித் துணிப்பெட்டியில் வைக்கலாம்.

பத்திரப்படுத்தல்

உலர்ந்த பூ மீண்டும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே மூடி இறுகிய தகரப் பெட்டியில் சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். புகையிலையைத் துளைக்கும் சிறு வண்டு உலர் பூவையும் தின்னும். பெட்டியின் அடியில் பொடி உதிர்ந்திருக்கக் கண்டால் அப்பூக்களை உடனே பிரித்து எடுத்து அழித்துவிடுக. பார்த்துக்கொள்ளலாமென்று விட்டால் பெட்டி முழுவதும் போய்விடும். மாதமொரு முறை திறந்து பார்த்தல் நலம்.

சில எச்சரிக்கைகள்

அரளிப்பூ நிறத்தால் மனத்தைக் கவரும். ஆயினும் அதன் எல்லாப் பாகமும் கொடிய நஞ்சு. உலர்ந்தாலும் நஞ்சு நீங்காது. குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீட்டில் அதை இவ்வேலைக்கு எடுக்கவே கூடாது. செங்காந்தளும் அத்தகையதே.

சந்தைப் பூக்கள் பெரும்பாலும் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டவை. அலங்காரத்திற்கு உலர்த்தியதை எக்காரணங்கொண்டும் குடிநீருக்கோ உணவிற்கோ பயன்படுத்தலாகாது. உண்ணும் பூவைத் தனியே, மருந்தில்லாத செடியிலிருந்து எடுத்து, தனிப் பெட்டியில் பெயரெழுதி வைக்க வேண்டும். திராட்சைக் கொடியின்மேலும் மருந்துப் படிவு இருக்கும். அதை நன்கு கழுவியபின் கையுறையுடன் முறுக்கி, வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம். குழந்தைகளை இவ்வேலையில் சேர்க்கலாகாது.

ஆலைகளில் இப்பொருள்களை வெளுத்துச் சாயமேற்றுவதுண்டு. வீட்டில் அதைச் செய்யப் புகுந்து, கழிவுநீரை வாய்க்காலில் விடுவது அயலார் பயிருக்கும் குடிநீருக்கும் கேடாகும். இயற்கை நிறமே போதுமானது.

லாபம் எவ்வளவு?

இத்தொழிலில் பெரும்பணம் புரளுகின்றதென்று கேள்விப்பட்டு மயங்குவோர் உண்டு. அவர்கள் முதலில் ஒரு கணக்கைப் பார்த்தல் வேண்டும். நூற்றுக்கு 85 பங்கு நீருள்ள 1,000 கிராம் பூவில் கெட்டிப்பொருள் 150 கிராம் மட்டுமே. பத்துப் பங்கு ஈரம் மிஞ்சும்வரை உலர்த்தினால் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 167 கிராம். அதாவது, ஆறு கிலோ பச்சைப் பூ ஒரு கிலோ உலர் பூவாகும். நீர் மிகுந்த பூவானால் ஏழு எட்டு கிலோவும் வேண்டும். பச்சைப் பூ கிலோ 60 ரூபாய்க்கு விலைபோகும் நாளில், உலர் பூ கிலோ 360 ரூபாய்க்கு மேல் போனாலன்றி, உழைப்பிற்குக் கூலியே இல்லை. ஆகையால் விலை நன்றாயிருக்கும் நாளில் பூவைப் பச்சையாகவே விற்றுவிடுக. விலை வீழ்ந்து பறிகூலிக்குங் கட்டாத நாளில் மட்டுமே உலர்த்துக. உலர்த்துவதற்கென்று கடன் வாங்கித் தனியாகப் பயிரிடுதல், விற்கும் வழி உறுதியாகத் தெரியும்வரை கூடாது.

பூவை நிறையாக விற்பதைவிடக் கைவேலையாக்கி விற்பதிலேயே ஊதியம் அதிகம். ஏனெனில் அங்கே விலை பெறுவது கையின் திறமை. ஆயினும் ஒரு வளையத்திற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று, கம்பியும் பிசினும் பெட்டியும் எவ்வளவு என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் என்று கூறுவது லாபமாகாது.

பெரிய அளவில் இத்தொழில் நடைபெறும் இடத்தை நம் மாகாணத்திலேயே காணலாம். தூத்துக்குடியில் பல பத்தாண்டுகளாக உலர் பூ ஏற்றுமதி நடந்துவருகின்றது. துறைமுகமும் வறண்ட காற்றும் அதற்குத் துணை. அங்கிருந்து கப்பலேறும் சரக்கில் தோட்டத்துப் பூவைக் காட்டிலும், தாமரைக்காய், பருத்திக்காய், பனை, தென்னை இவற்றின் பகுதிகள் போன்ற, நாம் குப்பையென்று கழிக்கும் பொருள்களே பெரும்பான்மை என்பது சிந்திக்கத்தக்கது. வெளிநாட்டிற்குச் செல்லும் சரக்கிற்குப் பயிர்நலச் சான்று முதலிய விதிகள் உண்டு. வீட்டளவில் செய்வோர் அவ்வழியில் இறங்காமல், சுருளி அருவிக்கும் தேக்கடிக்கும் வரும் யாத்திரிகர்களையும், அருகிலுள்ள பட்டணங்களின் கடைகளையும் முதலில் நோக்குதல் நலம்.

லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் பூக்களை நிறம் மாறாமல் உலர்த்தும் முறைகளை ஆராய்ந்து, பெண்களுக்கும் பயிற்சி அளித்து வந்துள்ளது. நம் மாவட்டத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையும், காமாட்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகி, ஐந்தாறு பேராகச் சேர்ந்த மகளிர் குழுவினர் ஆலோசனை கேட்கலாம். தனியொருவர் கேட்பதைவிடக் குழுவாகக் கேட்பதில் பயன் அதிகம்.

முடிவுரை

இவ்வாண்டு ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் போடுக. அதில் பாதியைத் தொங்கவிட்டும், பத்து ரோஜாக்களை மணலில் புதைத்தும், கவாத்துக் கொடியில் ஐந்து வளையம் முறுக்கியும் வைக்க. செலவு மிகச் சிறிது. தவறினாலும் இழப்பது சில கைப்பிடிப் பூவே. கை பழகி, வாங்குவோரும் ஏற்பட்டபின் விரித்துக்கொள்ளலாம். விலை வீழ்ந்த நாளில் வரப்பில் கொட்டும் கூடைகளில் ஒன்றேனும் வீட்டிற்குத் திரும்புமானால், அதுவே இம்முயற்சியின் முதல் ஊதியமாகும்.